பிடுங்கிய பிராசஸர்

அத்தியாயம் பதினொன்று

அன்றைக்கு நடந்ததை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கம்ப்யூட்டர் பெட்டியை அப்பா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாக எனக்கு ஞாபகம். அப்பாவோ, உட்கார இடமே கிடைக்கவில்லை, காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றபடியே வந்தேன் என்கிறார். அம்மா எங்களோடு வரவே இல்லை. ஆனாலும் அவளுக்கும் ஒரு ஞாபகம் இருக்கிறது. கிளம்பும்போது அப்பா இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு போட்டிருந்தாராம். மூன்று பேர் சொல்வதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நடுவில் நான் இட்டு நிரப்பியதும் இருக்கும்.

இந்த வீட்டை முதல் தடவையாக எட்டிப் பார்ப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா பல் செட் செய்பவர். ஊரில் பாதிப் பேர் சிரிக்கும் சிரிப்பு அவர் கையால் ஆனது. அவர் சிரித்துத்தான் நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறேன். எனக்கு ஒரு தம்பி. ஆறடி வளர்ந்த பிறகும் வீட்டில் அவன் பெயர் வாண்டுதான்.

வேலை போன பிறகு வாண்டு பகல் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அப்பா பெட்டியைத் திறந்து, கைக்கு அகப்பட்டதைப் பிடுங்கினார். அகப்பட்டது பிராசஸர், கம்ப்யூட்டரின் மூளை. அன்றே வாண்டு பையைத் தூக்கிக்கொண்டு போனான். போனில் எங்கள் மூன்று பேர் எண்களையும் தடுத்து வைத்தான். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போய்விட்டன.

அவன் இருப்பதற்கு எங்களிடம் ஒரே ஒரு அடையாளம் இருந்தது. அந்த விளையாட்டில் அவன் பெயர் ஆமை. ஆமையும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் மாலை நேரத்தில் வரிசையாக லாரி ஓட்டுவார்கள். அவர்கள் குழுவுக்கு யாரும் பார்க்கக்கூடிய ஒரு பக்கம் இருந்தது. நான் தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்து, "நேத்தும் ஓட்டியிருக்கான்" என்று அம்மாவிடம் சொல்வேன். அம்மா தலையாட்டிவிட்டு வேலைக்குப் போவாள். அவ்வளவுதான் எங்கள் குடும்பச் செய்தி.

அன்று காலை அந்தப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'இன்னிக்கு ஏழு மணிக்குக் கடைசி ஓட்டம். எப்பவும் கிளம்பற அதே பங்க். இதுக்கப்புறம் ஆமை இல்லை. தேடாதீங்க. எல்லாருக்கும் நன்றி.'

நான் போனை அம்மாவிடம் நீட்டினேன். அவள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

"விளையாட்டை விடறான்னு அர்த்தமா இருக்கும்," என்றேன்.

"விளையாட்டை விடறவன் எதுக்குடி தேடாதீங்கன்னு எழுதணும்?"

இரண்டு பேர் மனதிலும் வந்த சொல்லை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் போலிருந்தது.

குழுவுக்கு எழுதிப் பார்த்தேன். முன்பே பல தடவை எழுதியதுதான். வெளியாள் எழுதுவதை அங்கே யாரும் திறப்பதில்லை. அந்த விளையாட்டுக்குள் நுழைய முடியுமா என்று கடைத்தெருவில் இருந்த இன்டர்நெட் மையத்துக்கு ஓடினேன். "எங்க மிஷின்ல நாங்க போட்ட கேம் மட்டும்தான். வெளியில இருந்து எதையும் ஏத்த விடமாட்டோம்," என்றான் அங்கிருந்தவன். திரும்பி வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். அம்மா சொல்லியிருக்கிறாள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அந்த விளையாட்டுக்குள்ள போனா அவனோட பேசலாமா?" என்று கேட்டார்.

"பக்கத்துல இருக்கிற வண்டிக்காரங்க பேசறது கேட்கும். நாம எழுதலாம்."

"அவன் பெட்டி அப்படியே இருக்கே. பிராசஸர் ஒண்ணுதானே இல்லை."

"அதுதான் முக்கியம், அப்பா. அது இல்லாட்டி மத்ததெல்லாம் வெறும் தகரம்."

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். பல் அளவு எடுக்கும் இளஞ்சிவப்பு மெழுகு அதற்குள் இருந்தது. மெழுகின் நடுவில் பிராசஸர், பின்கள் மேல்நோக்கி, ஒரு சின்ன ஆணிப்படுக்கை மாதிரி.

"சரி பண்ணி வச்சிருக்கேன்," என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். "எப்ப பண்ணினீங்க?"

"அப்பப்ப."

அம்மா, "நிக்காதீங்க, கிளம்புங்க," என்றாள்.

*

கம்ப்யூட்டர் உதிரிக் கடைகள் எல்லாம் ஒரு பெரிய வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தன. ஜன்னலே இல்லாத இடம். பகலா மாலையா என்று தெரியாது. நான் விசாரித்து வைத்திருந்த கடையை நடத்துபவளை அங்கே எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். எதைத் தொட்டாலும் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவாளாம்.

அவள் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"யார் சார் இதைக் கழட்டினது?"

"நான்தான்," என்றார் அப்பா.

"கழட்டின மாதிரி தெரியலையே. பிடுங்கின மாதிரில்ல இருக்கு."

"பிடுங்கினேன்."

அவள் நிமிர்ந்து அவரை ஒரு முறை பார்த்தாள். "மேல ஃபேன் இருக்கும். ஃபேனுக்கும் பிராசஸருக்கும் நடுவுல ஒரு பசை. காய்ஞ்சா கெட்டியா பிடிச்சுக்கும். ஃபேனைப் பிடிச்சு இழுத்தா, பூட்டைத் திறக்காமலே பிராசஸரும் சேர்ந்து வெளிய வந்துடும். பின் எல்லாம் கோணிப் போகும். நிறைய பேர் பண்றதுதான், விடுங்க."

அப்பா டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

டாக்டரம்மா பூதக்கண்ணாடியை எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த இன்னொரு வாடிக்கையாளரும் எட்டிப் பார்த்தார். கழுத்தில் பேங்க் அடையாள அட்டை தொங்கியது.

"இந்த மூணு பின் வேற மாதிரி மின்னுதே, சார்?"

"அது உடைஞ்சு போச்சு. நான் புதுசா செஞ்சு வச்சேன்."

"எதுல செஞ்சீங்க?"

"பல்லுக்குக் கட்டுற கம்பி. கோணல் பல்லை நேராக்கறதுக்குக் கட்டுவாங்களே, அது. அளவு பார்த்து ராவி, பொடி வச்சு, சூடு காட்டி ஒட்டினேன்."

பேங்க்காரர் சிரிப்பதற்கு வாயைத் திறந்தார். டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. எதனாலோ அவரும் வாயை மூடிக்கொண்டார்.

அவள் அந்தப் பிராசஸரைச் சோதனைக்கு வைத்திருந்த ஒரு போர்டில், பாகங்கள் ஏறும் தாய்ப்பலகையில், இறக்கினாள். கம்பியைச் சொருகினாள். பொத்தானை அழுத்தினாள். ஃபேன் ஒரு தடவை அசைந்து நின்றது. மறுபடி அழுத்தினாள். அசைந்து நின்றது.

"வேலை ரொம்ப சுத்தமா இருக்கு, சார். ஆனா ஒட்டறப்போ சூடு உள்ள இறங்கியிருக்கும். இது போயிடுச்சு."

அப்பா தலையாட்டினார். கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கி மெழுகில் வைத்து மூடினார். பல தடவை ஒத்திகை பார்த்தவர் போல, நிதானமாக.

"அப்ப புதுசு ஒண்ணு போடுங்க," என்றேன் நான். "விலை குறைஞ்சதா. ஒரு கேம் ஓடினா போதும்."

"யாருக்கு? பையனுக்கா?"

"எனக்கு," என்றார் அப்பா.

பேங்க்காரரால் இந்தத் தடவை அடக்க முடியவில்லை. "உங்களுக்கா அங்கிள்? என்ன கேம்?"

"லாரி."

"ஐயோ, லாரியா! ரிடையர் ஆகற வயசுல லைசென்ஸ் எடுக்கறீங்களா? சுடுறது குதிக்கறது எதும் வேணாமா?"

"தம்பி," என்றார் அப்பா. அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "ஏழு மணிக்கு அது ஓடணும். ஓடலைன்னா நான் வீட்டுக்குப் போக முடியாது."

பக்கத்துக் கடையில் யாரோ டேப்பைக் கிழித்து அட்டைப்பெட்டி ஒட்டும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். அவள் பேச்சில் இப்போது விளையாட்டு இல்லை.

"இது ஆறு கோர். கோர்னா ஒரே நேரத்துல வேலை பார்க்கிற ஆளுங்கன்னு வச்சுக்கங்க. ஆறு பேர். கேமுக்கு நல்லா இழுக்கும். இது நாலு கோர். கொஞ்சம் மெதுவா இருக்கும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ரெண்டுமே உங்க போர்டுல ஏறும். இதைவிடப் புதுசா வந்தது எல்லாம் ஏறாதா, ஏறும். ஆனா உங்க போர்டு பழசு, வந்திருக்கிறது யாருன்னே அதுக்கு அடையாளம் தெரியாது. அதனால இந்த ரெண்டுல ஒண்ணுதான்."

"ஆறுதான் அங்கிள்," என்றார் பேங்க்காரர். மன்னிப்புக் கேட்பது போன்ற குரல். "அதே விலைக்கு ரெண்டு ஆள் கூட வர்றாங்கன்னா எதுக்கு நாலு?"

அப்பா ஆறு கோர் பெட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம்," என்று டாக்டரம்மா எங்கள் பெட்டிக்குள் மறுபடி டார்ச் அடித்தாள். "கிராபிக்ஸ் கார்டு எங்க?"

"அப்படின்னா?"

"ஸ்கிரீன்ல படம் காட்டற கார்டு. இந்தா, இந்த இடத்துல இருந்திருக்கு. ஸ்க்ரூ எல்லாம் ஒழுங்கா கழட்டி, தூசியைக்கூட துடைச்சு எடுத்திருக்காங்க. இது நீங்க பண்ணின வேலை இல்லை."

அப்பா குனிந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். நானும் அன்றுவரை பார்த்ததில்லை. வாண்டு போன நாளிலிருந்து அந்தப் பெட்டியை எங்கள் வீட்டில் யாரும் தொடவே இல்லை.

"அது அவன் முதல் சம்பளத்துல வாங்கினது," என்றார் அப்பா.

கோபித்துக்கொண்டு கிளம்பியவன், துணிமணி எடுக்கும் அவசரத்தில், உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றியிருக்கிறான். நாங்கள் அப்போது எந்த அறையில் இருந்தோம்? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

"அப்ப ஆறு கோர் வேலைக்கு ஆகாது," என்றாள் டாக்டரம்மா. "அது கணக்கெல்லாம் போடும், படம் காட்டத் தெரியாது. கார்டு இல்லாம போட்டா ஸ்கிரீன் இருட்டாவே இருக்கும். இந்த நாலு கோர்ல படம் காட்டற பகுதி உள்ளேயே இருக்கு. வேகம் குறைவுதான், தடுமாறும். ஆனா ஓடும்."

அப்பா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"கார்டு தனியா வாங்கிக்கலாம்," என்றார்.

"அப்பா, அது நம்மால இன்னிக்கு முடியாது."

"அவனுக்கு எல்லாமே ரெண்டாவதாத்தான் வாங்கிக் கொடுத்திருக்கேன், பெரியவளே. சைக்கிள், போன், படிக்கப் போன காலேஜ்கூட. இதையாவது..."

"இது அவனுக்கு இல்லை, அப்பா. இது நமக்கு. அவன் இருக்கானான்னு நாம பார்க்கறதுக்கு."

இப்போதும் அந்த வாக்கியம் என் காதில் ஒலிக்கிறது. சொல்லக் கூடாது என்று காலையிலிருந்து விழுங்கிக்கொண்டிருந்த சொல்லை, ஒரு கடையில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நான் கிட்டத்தட்ட சொல்லிவிட்டேன். பேங்க்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து, "முதல்ல இவங்களுதைப் பாருங்க. என்னுது நாளைக்குக்கூட ஆகட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அப்பா ஆறு கோர் பெட்டியை வைத்துவிட்டு நாலு கோர் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

டாக்டரம்மா புதுக் கையுறை மாட்டிக்கொண்டாள். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பக்கத்தில் இருந்த சின்ன நெம்புகோலைத் தூக்கினாள். மூலையில் இருந்த முக்கோண அடையாளத்தைப் பார்த்துப் பிராசஸரை வைத்தாள். விரலை எடுத்துவிட்டாள். அது தானாக இறங்கி உட்கார்ந்தது.

"அழுத்த வேணாமா?" என்று கேட்டார் அப்பா.

"அழுத்தவே கூடாது, சார். சரியா வச்சா அதுவே உட்காரும். உட்காரலைன்னா நாம தப்பா வச்சிருக்கோம்."



*

நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா வேலையிலிருந்து பாதியில் வந்திருந்தாள். என்ன ஆச்சு என்று நான் கேட்டபோதுதான் சொன்னாள். காலையிலிருந்து ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த எல்லா ஆஸ்பத்திரி ஆபரேட்டர்களையும் கூப்பிட்டிருக்கிறாள். ஆறடி, ஒல்லி, இடது புருவத்தில் வெட்டுக்காயத் தழும்பு. அப்படி யாராவது உங்களிடம் வந்திருக்கிறார்களா?

"எல்லாரும் இல்லைன்னாங்க," என்றாள். "ஒவ்வொரு இல்லைக்கும் நன்றி சொன்னேன்."

பெட்டியைப் பழைய மேஜையில் வைத்தோம். பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது. அம்மா என் தோளைப் பிடித்தாள். பிறகு வெளிச்சம் வந்தது. கம்ப்யூட்டருக்கு வாண்டு பூட்டு எதுவும் போட்டு வைத்திருக்கவில்லை. அவன் பூட்டியது எங்களைத்தான்.

விளையாட்டு அதிலேயே இருந்தது. ஆனால் அவன் கணக்கிலிருந்து வெளியேறியிருந்தான். நான் எங்களுக்கு ஒரு கணக்கு தொடங்கினேன். பெயர் கேட்டது. என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் 'புதுசு' என்று வைத்தேன். அதன் பிறகு விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. நகராமலும் இருந்தது.

"அது போகுதா நிக்குதா?" என்றாள் அம்மா.

"போகுது."

"எனக்கு நிக்கற மாதிரி தெரியுது."

"நீ பார்க்காதே. பார்த்தா அப்படித்தான் இருக்கும்."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் எதிர்வீட்டுச் சுவரில் மேலே மேலே ஏறி, கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மட்டும் மிஞ்சியது. யாரும் விளக்குப் போடவில்லை. யாரும் டீ கேட்கவில்லை.

கோடு முடிந்தது.

"நான் ஓட்டறேன்," என்றார் அப்பா.

"உங்களுக்கு சைக்கிளே ஓட்ட வராது," என்றாள் அம்மா. அந்த நாளில் அவள் சொன்ன ஒரே கிண்டல். ஆனாலும் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள்.

குழுப் பக்கத்தில் பார்த்து வைத்திருந்த பெட்ரோல் பங்கில் எங்கள் லாரியை நான் கொண்டுவந்து நிறுத்தினேன். அங்கே லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. எங்கள் திரையில் எல்லாம் மங்கலாக, கட்டம் கட்டமாகத் தெரிந்தன. வாண்டு ஹெட்போனையும் எடுத்துப் போயிருந்தான். நான் பழைய ஸ்பீக்கர் ஒன்றைத் தேடிச் சொருகினேன். அறை முழுக்க எஞ்சின் சத்தம். அதற்கு மேல் யார் யாரோ பேசும் குரல்கள்.

"ஏன்டா போற? காரணமாவது சொல்லு."

"சும்மா விடுடா. போதும்னு தோணுச்சு."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாவதாகப் பேசியது வாண்டு.

"சளி பிடிச்சிருக்கு அவனுக்கு," என்றாள் அம்மா. "ரொம்ப நாளா இருக்கிற சளி."

லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அப்பா ஏதோ ஒரு விசையை அழுத்தினார். எங்கள் லாரி துள்ளி முன்னால் போய், பங்கின் தூணில் மோதி நின்றது. மற்ற லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. குரல்கள் தேய்ந்தன. அந்த விளையாட்டில் வண்டி தள்ளிப் போனால் குரலும் போய்விடும்.

"அப்பா, பின்னாடி எடுங்க! பின்னாடி!"

"எதுடி பின்னாடி?"

"கீழ்ப்பக்க அம்பு! அது இல்லை, அது மியூசிக்!"

திரை நின்று நின்று நகர்ந்தது. அப்பா இடது பக்கம் திருப்பினால், லாரி ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பியது. கடைசி லாரியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்தது. ஸ்பீக்கரில் எங்கள் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு சத்தமும் போடாமல் தரையில் உட்கார்ந்தாள்.

அப்பா ஓட்டிக்கொண்டே இருந்தார். வேலியை இடித்தார். புல்வெளியில் ஏறினார். மறுபடி சாலையில் இறங்கினார். வளைவைத் தாண்டியபோது, சாலையோரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது. எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதன் மேல் மிதந்த பெயர்: ஆமை.

"புதுசா வந்தவரா? பயப்படாதீங்க," என்றது ஸ்பீக்கர். "மெதுவா வாங்க. நான் நிக்கிறேன்."

வெளி ஆட்களிடம் அவன் இப்படியா பேசுவான்? எங்களிடம் அவன் பேசிய கடைசிச் சில வருஷங்களில் இந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

"மைக் இல்லையா? பரவாயில்லை, எழுதுங்க. உங்க வண்டி விட்டு விட்டுத் தெரியுது. கம்ப்யூட்டர் திணறுது போல. என்ன பிராசஸர்?"

அப்பா என்னைப் பார்த்தார். பிராசஸர் வந்த அட்டைப்பெட்டியின் மேல் இருந்த எண்ணை நான் படித்தேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். வாண்டு காத்திருந்தான்.

"ஓ, அதுவா. பட்ஜெட்டுக்கு அது மோசமில்லைங்க. படம் காட்டறதும் அதுவே பார்க்கணும், அதான் திணறுது. நிழல் எல்லாத்தையும் அணைச்சு வைங்க. வண்டிக் கண்ணாடியில தெரியறதையும் குறைங்க. ரேம் ஒண்ணா ரெண்டா?"

நான் சொன்னபடி 'ஒண்ணு' என்று அப்பா தட்டினார்.

"இன்னொண்ணு போடுங்க, நல்லா மாறும். போர்டு எது?"

அதையும் நான் சொன்னேன். அப்பா தட்டினார்.

ஸ்பீக்கரில் ஒரு சின்னச் சிரிப்பு. இருமல்.

"அதே போர்டு நானும் வச்சிருந்தேன். தங்கமான போர்டு. எங்கப்பா பிராசஸரைப் பிடுங்கிட்டாரு. இல்லைன்னா இன்னும் அதுலதான் ஓட்டிட்டு இருப்பேன்."

அப்பாவின் விரல் விசைகளுக்கு மேலே நின்றது.

"எழுதாதீங்க," என்றாள் அம்மா தரையிலிருந்து. "தெரிஞ்சா கட் பண்ணிடுவான். எங்க இருக்கான்னு முதல்ல கேளுங்க."

அப்பா தட்ட ஆரம்பித்தார். ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. தப்பாக விழுந்ததை அழித்தார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அவர் தட்டி முடித்தபோது திரையில் இருந்தது இதுதான்:

'பிடுங்கினவன்தான் ஓட்டறேன்'

இரண்டு லாரிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டு எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் கேட்டது. அம்மா எழுந்து வந்து ஸ்பீக்கரின் மேல் கையை வைத்தாள், காய்ச்சல் பார்ப்பது போல.

"அம்மா இருக்காங்களா?" என்றான் வாண்டு.

"இருக்கேன்டா! இங்கதான்டா இருக்கேன்!" என்று அம்மா கத்தினாள். அவனுக்குக் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். நாள் முழுக்க மைக்கோடு வாழ்பவள் அவள்.

அப்பா 'இ' எங்கே என்று தேடினார். அந்த நேரத்தில் திரை உறைந்தது.

லாரி, சாலை, விளக்கு எல்லாம் படமாக நின்றுவிட்டன. சத்தமும் இல்லை. அப்பா விசைகளை அடித்தார். "வா," என்றார். "வா, வா, வந்துடு." பெட்டியைப் பிடித்தார். அந்தக் கைகள் எதையாவது இழுத்துவிடுமோ என்று நான் பயந்தேன். அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் அசையாமல் இருந்தோம்.

படம் அசைந்தது.

ஆமை அங்கேயே நின்றிருந்தது.

"உறைஞ்சுடுச்சா?" என்றான். குரல் உடைந்திருந்தது. "நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

அப்பா தட்டினார். 'இருக்கோம். மூணு பேரும்.'

"கடைசின்னு எழுதினது..." என்றான் வாண்டு. நிறுத்தினான். மூக்கை உறிஞ்சினான். "எழுதறப்போ வேற ஒண்ணு நினைச்சுதான் எழுதினேன். பொய் சொல்ல விரும்பலை."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

'இப்ப?' என்று அப்பா தட்டினார். அவர் இதுவரை யாரையும் கேட்ட கேள்விகளிலேயே சின்னது அதுதான்.

எதிரே ஒரு லாரி வந்து எங்களைக் கடந்து போனது. அதன் வெளிச்சம் எங்கள் அறைச் சுவரில் கட்டம் கட்டமாக ஏறி இறங்கியது.

"இன்னிக்கு ஓட்டம் முடியலையே," என்றான் அவன். "என் பின்னாடி வாங்க. என் விளக்கைப் பார்த்துட்டே வாங்க. வேகமா போக மாட்டேன்."

அப்பா ஓட்டினார். இடித்துக்கொண்டும் நின்றுகொண்டும் ஓட்டினார். வாண்டு ஒவ்வொரு வளைவிலும் நின்று காத்திருந்தான். கடைசி ஊரில் சரக்கு இறக்கியபோது, "நாளைக்கு ஏழு மணி. அதே பங்க்," என்று சொல்லிவிட்டு, எங்கள் பதிலுக்குக் காத்திராமல் மறைந்தான்.

அதற்குப் பிறகு யாருக்கு என்ன ஆனது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். வாண்டு அன்று உயிரோடு இருந்தான். எங்கே தங்கியிருக்கிறான் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை என் எண்ணை மட்டும் தடையிலிருந்து எடுத்திருந்தான். நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அப்பா வழக்கம் போல வேலைக்குப் போய், ஒரு கிழவருக்கு மேல்வரிசைப் பல்லை முடித்துக் கொடுத்துவிட்டு, ஏழு மணிக்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்தார். குழுப் பக்கத்தில் இருந்த அறிவிப்பை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். நான் கடையில் இரண்டு லென்ஸ்களை இடம் மாற்றிப் பொருத்தித் திட்டு வாங்கினேன்.

அம்மா விடுப்பு போட்டுவிட்டு மதியம் வரை தூங்கினாள். நான் வேலை முடிந்து வந்ததும் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். போனில் மூச்சை வைத்தே ஆள் சொல்பவள் அவள். நேற்று ஸ்பீக்கரில் கேட்டது ஒரு மூச்சு இல்லை, இரண்டு மூச்சாம். அந்த அறையில் வாண்டுக்குப் பின்னால் இன்னொருவர் இருந்திருக்கிறார். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை, ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தாராம்.